திறமை மாறவில்லை, சட்டம் மாறியது: தளபதி டூமாவின் கதை

பாரிஸ் நகரின் 17-வது வட்டாரத்தில் ஒரு சதுக்கம். அங்கே இரண்டு எழுத்தாளர்களின் சிலைகள் நிற்கின்றன. ஒருவர் 'தி த்ரீ மஸ்கெட்டியர்ஸ்', 'தி கவுண்ட் ஆஃப் மாண்டி கிறிஸ்டோ' நாவல்களை எழுதிய அலெக்சாண்டர் டூமா. இன்னொருவர் அதே பெயர் கொண்ட அவருடைய மகன், நாடக ஆசிரியர். மூன்றாவதாக அங்கே இன்னொரு சிலையும் இருந்தது. நாவலாசிரியரின் தந்தையுடைய சிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிதி திரட்டி எழுப்பிய அந்தச் சிலையை, இரண்டாம் உலகப் போரில் பாரிஸைப் பிடித்த ஜெர்மானியர் காலத்தில் பெயர்த்தெடுத்து உருக்கிவிட்டார்கள். மகனும் பேரனும் தப்பினார்கள். தாத்தா மட்டும் போனார். 2009-ல் அதே சதுக்கத்தில் அவர் நினைவாக ஒரு சின்னம் வைத்தார்கள். அது மனித உருவம் இல்லை. ஆள் உயரத்தைவிடப் பெரிய, சங்கிலி அறுந்த இரண்டு அடிமை விலங்குகள்.

அந்தத் தாத்தாவின் பெயர் தாமஸ் அலெக்சாண்டர் டூமா. அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்து, பிரெஞ்சு ராணுவத்தில் படைப்பிரிவுத் தளபதியாகவும் ஒரு முழுப் படையின் தலைமைத் தளபதியாகவும் உயர்ந்த முதல் கறுப்பினத்தவர். நெப்போலியனோடு இத்தாலியிலும் எகிப்திலும் போரிட்டவர். பிறகு அதே நெப்போலியனின் ஆட்சியில் சம்பளப் பாக்கிக்கு மனுப் போட்டு மனுப் போட்டே இறந்தவர்.

திறமை இருந்தால் யாரும் மேலே வரலாம், சட்டம் எதற்கு, சலுகை எதற்கு என்று கேட்கும் குரல் நம் காதில் அடிக்கடி விழுகிறது. அப்படிக் கேட்பவர்களுக்காகவே இந்தத் தளபதியின் வாழ்க்கையை நாம் இன்று சொல்கிறோம்.

தாயின் நிலையே பிள்ளையின் நிலை

கரீபியன் கடலில் இன்று ஹைதி என்று அழைக்கப்படும் நாடு, அன்று சென் தொமிங் என்ற பெயரில் பிரான்சின் குடியேற்றமாக இருந்தது. ஐரோப்பா குடித்த காபியிலும் அதில் கலந்த சர்க்கரையிலும் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. அந்தக் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மக்களை அடிமைகளாக வைத்து வேலை வாங்கினார்கள். 1789-ல் அங்கே சுமார் ஐந்து லட்சம் அடிமைகள் இருந்தார்கள்.

பிரான்சின் நார்மண்டிப் பகுதியைச் சேர்ந்த பிரபுக் குடும்பம் ஒன்றின் மூத்த மகன் அந்துவான் தவி தெ லா பாயெத்ரி. கையில் காசில்லாமல், அங்கே கரும்புத் தோட்டம் வைத்திருந்த தம்பியை நம்பிக் கப்பலேறி வந்தவர். தம்பியோடு சண்டை மூண்டது. தோட்டத்தை விட்டு ஓடி, தீவின் மேற்கு மூலையில் ஜெரெமி என்ற ஊர்ப் பக்கம் வேறு பெயரில் ஒளிந்து வாழ்ந்தார். அங்கே மரி செசெத் டூமா என்ற கறுப்பினப் பெண்ணை விலை கொடுத்து வாங்கினார். அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் 1762 மார்ச் 25 அன்று பிறந்த தாமஸ் அலெக்சாண்டர்.

1685-ல் பிரான்சின் மன்னர் பிறப்பித்த கறுப்பர் சட்டம் என்ற ஒன்று அந்தத் தீவை ஆண்டது. அதன்படி பிள்ளையின் நிலையைத் தாயின் நிலையே தீர்மானிக்கும். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தந்தை பிரபுவாக இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

1775-ல் அந்துவான் தன் குடும்பச் சொத்தைக் கேட்டுப் பெறப் பிரான்ஸ் திரும்பினார். தம்பிகள் இருவரும் இறந்துபோயிருந்தார்கள். போகும் முன் மற்றப் பிள்ளைகளை விற்றுவிட்டார். அலெக்சாண்டரை மட்டும், பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு ஒரு கப்பல் தலைவனிடம் விற்றார். நம் ஊரில் நகையை அடகு வைப்பதுபோல் மகனை வைத்துவிட்டு, அந்தப் பணத்தில் கப்பலேறினார். 1776 ஆகஸ்ட் இறுதியில் 14 வயதுச் சிறுவன் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, பயணிகள் பட்டியலில் அவன் பெயர் அடிமை அலெக்சாண்டர் என்றுதான் பதிவாகியிருந்தது. தந்தை பணம் கட்டி மீட்டார். அவன் தன் தாயின் மடிக்குத் திரும்பவே இல்லை.

மண்டியிடச் சொன்ன இரவு

தந்தை இப்போது பிரபு. பணம் புரண்டது. மகனுக்கு நல்ல ஆசிரியர்கள், குதிரையேற்றம், வாள் பயிற்சி, பட்டாடை, பாரிஸில் வீடு. பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்தான். வாள் வீச்சில் அவனை எதிர்த்து நிற்கச் சிலரே இருந்தார்கள். வெளிப்பார்வைக்கு எல்லாம் கிடைத்துவிட்டது.

1784-ல் ஒரு மாலை. ஒரு சீமாட்டியோடு பாரிஸ் நாடக அரங்கு ஒன்றில் உட்கார்ந்திருந்தார் டூமா. மார்டினிக் தீவில் பணியாற்றிய வெள்ளை அதிகாரி ஒருவர் அங்கே வந்தார். பக்கத்திலிருந்த இளைஞரை அந்தப் பெண்ணின் வேலைக்காரனாக நினைப்பதுபோல் பேசி அவமானப்படுத்தினார். கைகலப்பு வரை போனது. மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும்படி அவரைக் கட்டாயப்படுத்தினார்கள். வழக்கு காவல்துறை வரை சென்றதால் அது ஆவணத்தில் மிஞ்சியது. பட்டாடைக்குள்ளும் பிறப்பைத் தேடும் கண்ணை நம் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டூமாவின் இளமையில் இதுபோல் எத்தனை மாலைகள் எழுதப்படாமல் போயினவோ.

நான்கு தலைமுறைச் சான்று

1786-ல் தந்தை தன் வீட்டில் வேலை பார்த்த பெண்ணை மணந்துகொண்டார். மகனுக்குக் கொடுத்துவந்த பணம் குறைந்தது. டூமா ராணுவத்தில் சேர முடிவெடுத்தார். பிரபுவின் மகன் அதிகாரியாகத்தானே சேர வேண்டும்? அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது.

1781-ல் வந்த அரசாணை ஒன்று, தந்தை வழியில் நான்கு தலைமுறையாகப் பிரபுக் குலம் என்று சான்று காட்டுபவர்தான் நேரடியாக அதிகாரி ஆகலாம் என்றது. டூமாவின் தந்தைக்கு அந்தச் சான்று இருந்தது. ஆனால் மணவாழ்க்கைக்கு வெளியே, அடிமைத் தாய்க்குப் பிறந்த கறுப்பு மகனுக்கு அது உதவவில்லை. வாள் வீச்சில் பாரிஸே வியந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ள ராணுவத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அடிமட்டச் சிப்பாய்.

அதற்கும் தந்தை ஒரு நிபந்தனை போட்டார். தன் குலப்பெயரைச் சிப்பாய்ப் பட்டியலில் இழுக்கக்கூடாது என்றார். மகன் மறுபேச்சுப் பேசவில்லை. 1786 ஜூன் 2 அன்று ராணியின் குதிரைப்படையில் சேர்ந்தபோது, பாயெத்ரி என்ற பெயரை விட்டுவிட்டு டூமா என்று எழுதினார். தீவில் விட்டுவந்த தாயின் பெயர். பதின்மூன்று நாளில் தந்தை இறந்தார். அந்தப் பெயரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டார் மகன்.

அடுத்த ஐந்தரை ஆண்டுகளுக்கு அவருக்குப் பதவி உயர்வே இல்லை. குதிரையைத் தேய்த்துவிட்டு, காவல் நின்று, வரிசையில் கஞ்சி வாங்கிக் குடித்து நாட்கள் போயின. இந்த ஐந்தரை ஆண்டுகளை நாம் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அதே உடல், அதே வாள், அதே மூளை. எதற்கும் மதிப்பில்லை.

கதவு திறந்தது

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அந்த ஆகஸ்டில், கலவரத்தைத் தடுக்க வில்லே கொத்ரே என்ற சிற்றூருக்கு ஒரு குதிரைப்படைப் பிரிவை அனுப்பினார்கள். அதில் டூமாவும் இருந்தார். ஊரில் விடுதி நடத்திய கிளாத் லபுரே என்பவரின் வீட்டில் அவரைத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டு மகள் மரி லூயிஸுக்கு அவரைப் பிடித்துப்போனது. தந்தை மறுக்கவில்லை. ராணுவத்தில் ஒரு படியாவது ஏறிய பிறகு திருமணம் என்று மட்டும் சொன்னார். பெண் கொடுக்கும் எந்தத் தகப்பனும் சொல்லக்கூடியதுதான்.

படி ஏறுவதற்கு வழி பிறந்தது. 1792 ஏப்ரல் 4 அன்று, குடியேற்றங்களில் வாழும் சுதந்திரமான கறுப்பினத்தவருக்கும் கலப்பினத்தவருக்கும் வெள்ளையருக்குச் சமமான அரசியல் உரிமை என்று சட்டம் வந்தது. அதே மாதம் ஆஸ்திரியாவோடு போர் தொடங்கியது. பிரபுக்குல அதிகாரிகளில் பெரும்பகுதியினர் நாட்டை விட்டு ஓடிவிட்டார்கள். நான்கு தலைமுறைச் சான்றை யாரும் கேட்காத ராணுவம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த ஆகஸ்டில் எல்லையில் ரோந்து போன டூமா, விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்களோடு, தங்களைவிட எண்ணிக்கையில் கூடிய எதிரிப் படைக்குழுவை மடக்கிச் சிறைப்பிடித்து வந்தார். பெயர் பரவியது. ஜூலியன் ரெமோன் தலைமையில் கறுப்பினத்தவர் குழு ஒன்று நாடாளுமன்றத்தை அணுகி, தங்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்று கேட்டுப் பெற்றிருந்தது. அதன் தலைவர் செவாலியே தெ சென் ஜோர்ஜ். அவரும் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர், வாள்வீரர், புகழ்பெற்ற இசையமைப்பாளர். அவர் டூமாவைத் தன் துணைத் தளபதியாக அழைத்துக்கொண்டார்.

1792 நவம்பரில் மரி லூயிஸைக் கைப்பிடித்தார் டூமா. ஒரு படி கேட்ட மாமனாருக்கு லெப்டினன்ட் கர்னல் மருமகனாக வந்தார். 1793 ஜூலையில் பிரிகேடியர் ஜெனரல். சில வாரங்களிலேயே படைப்பிரிவுத் தளபதி. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆல்ப்ஸ் மலைப் படையின் தலைமைத் தளபதி, சுமார் ஐம்பதாயிரம் வீரர்களுக்குத் தலைவர். வயது 31.

ஐந்தரை ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்றவர், கதவு திறந்த இரண்டு ஆண்டுகளுக்குள் உச்சிக்குப் போனார்.

பனிமலையில் ஒரு தளபதி

1794 பிப்ரவரி 4 அன்று பிரான்ஸ் தன் குடியேற்றங்கள் அனைத்திலும் அடிமைமுறையை ஒழித்துச் சட்டம் செய்தது. சும்மா கிடைத்ததல்ல அது. 1791-லிருந்து சென் தொமிங் தீவின் அடிமைகள் ஆயுதமேந்திப் போராடியதன் விளைவு. செய்தி ஆல்ப்ஸ் மலைக்கு வந்தபோது டூமா தன் படைக்கு ஓர் அறிக்கை விடுத்தார். தங்கள் தளபதி எந்த மண்ணில், எப்படிப்பட்ட மக்களிடையே பிறந்தவர் என்பதை அதில் மறைக்காமல் சொன்னார். சுதந்திரத்துக்காக முதலில் போராடியவர்களில் அந்த மக்களும் உண்டு என்று நினைவுபடுத்தினார்.

அவர் முன்னால் இருந்த வேலை கடினமானது. ஆல்ப்ஸ் கணவாய்களில் உயரமான இடங்களைப் பீத்மோன் படைகள் பீரங்கிகளோடு பிடித்து வைத்திருந்தன. உடனே தாக்கும்படி பாரிஸிலிருந்து ஓலைமேல் ஓலை வந்தது. இடுப்பளவு பனியில் வீரர்களை அனுப்பினால் பிணங்கள்தான் திரும்பும் என்று டூமா பொறுத்திருந்தார். ஆணையை மதிக்காதவர்களைக் கில்லட்டினுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. காத்திருந்த நாட்களில் பனிப்பாறையில் ஏறுவதற்கான முள் செருப்புகளைத் தயார் செய்தார். மலைப்பாதை தெரிந்த உள்ளூர் ஆட்களைச் சேர்த்தார். ஏப்ரலில் சின்ன சென் பெர்னார் கணவாய் விழுந்தது. மே மாதம் மோன் செனி கணவாயும் விழுந்தது. எதிரி எதிர்பாராத செங்குத்தான பக்கமாக, இருட்டில், பனியோடு பனியாக வெள்ளை உடையில் வீரர்கள் ஏறினார்கள். முள்வேலிபோல் நட்டிருந்த மரத்தடுப்பைத் தாண்ட முடியாமல் அவர்கள் நின்றபோது, டூமா ஒவ்வொருவரையும் தூக்கி மறுபக்கம் போட்டார் என்று மகன் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கானோர் சிறைப்பட்டனர். டூமாவின் தரப்பில் இழப்பு சொற்பமே.

இரக்கத்தால் வந்த பட்டப்பெயர்

இந்த மனிதரின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆல்ப்ஸுக்கு முன், பிரனீஸ் மலைப் பகுதியில் பயோன் நகரத்தில் சில காலம் பொறுப்பில் இருந்தார். அவர் தங்கிய வீட்டுக்கு எதிரே கில்லட்டின் மேடை. தலை வெட்டும் நேரத்தில் மற்றவர்கள் சன்னலில் கூடி வேடிக்கை பார்க்க, இவர் சன்னலைச் சாத்திக்கொள்வார். ஊரார் கேலியாக அவரை மனிதாபிமான ஐயா என்று அழைத்தார்கள். ஆல்ப்ஸ் கிராமம் ஒன்றில், கோவில் மணியை உருக்கக் கொடுக்காமல் மறைத்த நான்கு ஏழைகளுக்காகக் கில்லட்டின் தயாராக நின்றது. அதைப் பிரித்து விறகாக்கிக் குளிர்காயச் சொன்னார் தளபதி என்று மகனின் குறிப்பு சொல்கிறது.

இப்படிப்பட்டவரை அந்த ஆட்சி சும்மா விடவில்லை. 1794 கோடையில் விசாரணைக்குப் பாரிஸ் வரும்படி அழைப்பு வந்தது. ஆனால் ஜூலை 27 அன்று ரோபெஸ்பியர் வீழ்ந்ததால் டூமாவின் தலை தப்பியது. அடுத்து அவரை வாந்தே பகுதிக்கு அனுப்பினார்கள். அங்கே அரசுப் படைகள் கிளர்ச்சியை ஒடுக்குவதாகச் சொல்லிக் கிராமங்களைச் சூறையாடியிருந்தன. அந்தப் படையின் ஒழுங்கின்மையையும் அட்டூழியத்தையும் எழுத்தில் அரசுக்குத் தெரிவித்தார். சொந்தப் படையின் குற்றத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் தளபதிகள் எந்த நாட்டிலும் குறைவு.

இத்தாலிப் பாலம்

1796 இறுதியில் டூமா இத்தாலியில் நெப்போலியனின் படையில் சேர்ந்தார். டூமாவைவிட ஏழு வயது இளையவர் நெப்போலியன். மாந்துவா கோட்டையில் ஆஸ்திரியத் தளபதி வூர்ம்சர் முற்றுகைக்குள் இருந்தார். டூமாவின் காவலில் ஓர் உளவாளி சிக்கினான். செய்தியை மெழுகில் பொதிந்து விழுங்கியிருந்தான். காத்திருந்து அது வெளிவந்ததும், உதவிப்படை எப்போது எங்கிருந்து வரும் என்ற ரகசியம் நெப்போலியன் கைக்குப் போனது.

1797 ஜனவரி 16 அன்று வூர்ம்சர் கோட்டையை உடைத்து வெளியேற முயன்றபோது, குறைந்த படையோடு அவரைத் தடுத்து நின்றவர்களில் டூமாவும் ஒருவர். அவருக்குக் கீழே குதிரைகள் சுடப்பட்டு விழுந்தன. ஆனால் நெப்போலியனின் தலைமை அதிகாரி பெர்த்தியே எழுதிய போர் அறிக்கையில், டூமா கண்காணிப்பில் இருந்தார் என்ற அளவோடு முடிந்தது கதை. கோபத்தில் டூமா நெப்போலியனுக்கே கடிதம் எழுதினார். அந்த அதிகாரியின் வீரத்தைப் பற்றி அச்சில் ஏற்ற முடியாத மொழியில் கேலி செய்திருந்தார். பலன்? அவருடைய பொறுப்பைக் குறைத்து வேறு தளபதிக்குக் கீழே அனுப்பினார்கள். வேலை செய்தவரின் பெயர் அறிக்கையில் விடுபடுவதும், கேட்டால் திமிர் பிடித்தவர் என்று ஆவதும் நமக்குப் பழக்கமான கதைதான்.

அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. 1797 மார்ச் 23, டிரோல் மலைப் பகுதி, கிளாவுசன் என்ற ஊர்ப் பாலம். பின்வாங்கிய ஆஸ்திரியர்கள் திரும்பித் தாக்க வந்தார்கள். குறுகிய பாலத்தின் நடுவில் டூமா தனியாக நின்று, தன் வீரர்கள் வந்து சேரும்வரை எதிரிக் குதிரைப்படையைத் தடுத்தார். உடம்பில் வாள் காயங்கள். மேலங்கியைத் துப்பாக்கிக் குண்டுகள் துளைத்திருந்தன. ஆஸ்திரியர்கள் அவருக்கு வைத்த பெயர் கறுப்புச் சாத்தான். நெப்போலியனே இம்முறை பேசாமல் இருக்க முடியவில்லை. ரோமாபுரியைக் காக்கப் பாலத்தில் தனியாக நின்ற பழங்கால வீரன் ஹொராஷியஸோடு அவரை ஒப்பிட்டு அரசுக்கு எழுதினார்.

எகிப்தில் விழுந்த விரிசல்

1798-ல் நெப்போலியன் எகிப்தின் மீது படையெடுத்தார். அங்கிருந்து இந்தியாவில் ஆங்கிலேயரின் வணிகத்தை நெரிப்பது திட்டம். திப்பு சுல்தானுக்கு அவர் எழுதிய கடிதமும் இந்தத் திட்டத்தின் பகுதியே. படையின் குதிரைப்படைத் தலைவர் டூமா. அலெக்சாண்ட்ரியாவில் இறங்கியபோது, ஓங்கி உயர்ந்த கறுப்புத் தளபதியைப் பார்த்த மக்கள் அவரையே தலைவர் என்று எண்ணினார்கள் என்று படையின் தலைமை மருத்துவர் எழுதிவைத்திருக்கிறார். டூமாவைவிட உயரம் குறைந்தும் ஒல்லியாகவும் இருந்த உண்மைத் தலைவருக்கு அது ருசித்திருக்காது.

பாலைவன நடையில் தண்ணீரில்லாமல் வீரர்கள் செத்து விழுந்தார்கள். டூமாவின் கூடாரத்தில் சில தளபதிகள் கூடி, இந்தப் படையெடுப்பு நாட்டுக்காகவா, ஒரு தனிமனிதரின் ஆசைக்காகவா என்று பேசினார்கள். பேச்சு நெப்போலியன் காதுக்குப் போனது. கூப்பிட்டுக் கண்டித்தார், சுட்டுவிடுவேன் என்று மிரட்டினார். டூமா பின்வாங்கவில்லை. குடியரசுக்காகப் போரிடுவேன், ஒருவருடைய புகழுக்காக அல்ல என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டு, ஊருக்குப் போக அனுமதி கேட்டார்.

ஒரு கறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அக்டோபரில் கெய்ரோ மக்கள் அந்நியப் படைக்கு எதிராக எழுந்தார்கள். நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து, அந்தக் கிளர்ச்சியை ஒடுக்கக் குதிரையேறியவர்களில் டூமாவும் உண்டு. அல் அஸ்ஹர் பள்ளிவாசலுக்குள் பிரெஞ்சுக் குதிரைகள் நுழைந்தன. ஆயிரக்கணக்கான எகிப்தியர்கள் மாண்டார்கள். அடிமைத் தாயின் மகன் அன்று ஆக்கிரமிப்பாளர்களின் பக்கம் நின்றார். ஒடுக்கப்பட்டவர் வீட்டில் பிறந்தால் மட்டும் ஒருவர் எப்போதும் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பார் என்று உறுதியில்லை. சீருடை எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போகவும் செய்வார்.

இரண்டு ஆண்டு இருட்டு

1799 மார்ச்சில் ஒரு பழைய கப்பலில் டூமா ஊர் திரும்பினார். கப்பல் ஓட்டையாகி நீர் புகுந்தது. பீரங்கிகளையும், வாங்கிவந்த காபியையும், அரபுக் குதிரைகளையும் கடலில் தள்ளியும் பயனில்லை. இத்தாலியின் தெற்கே தாரந்தோ துறைமுகத்தில் ஒதுங்கினார்கள். நட்பு நாடு என்று நினைத்து இறங்கியவர்களுக்கு, புரட்சிக்கு எதிரான நேப்பிள்ஸ் அரசின் ஆட்கள் அங்கே வந்துவிட்டார்கள் என்பது தெரியாது. டூமாவைப் பிடித்துக் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

இரண்டு ஆண்டுகள் சிறை. சிறை மருத்துவர் கொடுத்த மருந்தைச் சாப்பிடச் சாப்பிட உடல் கெட்டது. வயிற்றில் தாங்க முடியாத வலி, முகத்தில் ஒருபக்கம் வாதம், ஒரு கண்ணில் பார்வை மங்கல், ஒரு காது செவிடு. தனக்கு நஞ்சு வைத்தார்கள் என்றே அவர் நம்பினார், பிறகு அப்படியே அறிக்கையும் எழுதினார். புரட்சிமீது பரிவு கொண்ட உள்ளூர்க்காரர்கள் சிலர் ரகசியமாக மருத்துவ நூல் ஒன்றையும் சாக்லெட்டையும் உள்ளே சேர்ப்பித்தார்கள். பிரான்சில் மரி லூயிஸ் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கினார். 1801 வசந்தத்தில் விடுதலையாகி வந்தவர், கிளாவுசன் பாலத்தில் நின்ற மனிதரின் நிழல்தான்.

சட்டம் திரும்பியது

டூமா சிறையில் இருந்தபோது நாடு மாறியிருந்தது. 1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றியிருந்தார். கரும்புத் தோட்ட முதலாளிகளின் குரல் அவர் அவையில் ஓங்கியது. 1802 மே 20 அன்று, பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறையை மீண்டும் சட்டமாக்கினார். அதே மாத இறுதியில், படையிலிருந்து விலக்கப்பட்ட கறுப்பின வீரர்களும் அதிகாரிகளும் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் தங்கக்கூடாது என்று ஆணை. ஜூலையில், கறுப்பினத்தவர் பிரான்சுக்குள் நுழையவே தடை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் திருமணம் செய்துவைக்கக்கூடாது என்ற உத்தரவு. டூமாவும் மரி லூயிஸும் பத்து ஆண்டுகளுக்கு முன் ஊர் கூடிச் செய்த திருமணம், இப்போது சட்டம் அனுமதிக்காத ஒன்று.

குவாதலூப் தீவில் அடிமைமுறையைத் திரும்பக் கொண்டுவர வந்த படையை எதிர்த்த கறுப்பினப் பிரெஞ்சு அதிகாரி லூயி தெல்கிரே, சரணடைய மறுத்துத் தோழர்கள் சுமார் முந்நூறு பேரோடு வெடிமருந்து வைத்து மாண்டார். சென் தொமிங்கின் தலைவர் துசேன் லுவெர்த்யூரைப் பிடித்துவந்து மலைக்கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் குளிரில் இறந்தார். ஆனால் அவர் மக்கள் தோற்கவில்லை. நெப்போலியனின் படையை விரட்டிவிட்டு 1804 ஜனவரி 1 அன்று ஹைதி விடுதலை பெற்றது.

டூமாவின் மகன் அலெக்சாண்டர் பிறந்தது 1802 ஜூலை 24 அன்று, அடிமைமுறை திரும்பிய இரண்டே மாதங்களில். அந்த செப்டம்பரில் தளபதியை ஓய்வில் அனுப்பினார்கள். ஆண்டுக்கு 4,000 பிராங்க் ஓய்வூதியம். சிறையிருந்த இரண்டு ஆண்டுச் சம்பளம் பாக்கி. மனு மேல் மனுப் போட்டார். பழைய தோழர்கள் பரிந்து பேசினார்கள். பணம் வரவில்லை. சக தளபதிகள் மார்ஷல்கள் ஆனார்கள், லீஜியன் ஆஃப் ஹானர் விருதுகளைச் சூடிக்கொண்டார்கள். இவருக்கு எதுவும் இல்லை.

நெப்போலியனோடு பட்ட தனிப்பகைதான் காரணம் என்று சொல்லி இதை முடித்துவிடலாம். பகை இருந்தது உண்மை. ஆனால் தனிப்பகை ஒருவரைத்தான் ஒதுக்கும். 1802-ன் ஆணைகள் ஓர் இனத்தையே ஒதுக்கின.

பாட்டியின் பெயர்

1806 பிப்ரவரி 26 அன்று வில்லே கொத்ரேயில் வயிற்றுப் புற்றுநோயால் டூமா இறந்தார். வயது 43. அன்று இரவு மூன்றரை வயது மகன் தந்தையின் துப்பாக்கியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினான். எங்கே போகிறாய் என்று கேட்ட தாயிடம், அப்பாவைக் கொன்ற கடவுளைச் சுடப் போகிறேன் என்றானாம்.

போர்க்களத்தில் சாகவில்லை என்று காரணம் காட்டி விதவைக்கு ஓய்வூதியம் மறுத்தார்கள். மரி லூயிஸ் பிற்பாடு புகையிலைக் கடை நடத்திப் பிள்ளைகளை வளர்த்தார். மகனுக்கு உயர்ந்த பள்ளிப் படிப்பு இல்லை. அழகான கையெழுத்து இருந்ததால் பாரிஸில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்தக் கை பிறகு எழுதியதை உலகமே படித்தது. குற்றமே செய்யாமல் கோட்டைச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து மீண்டு வரும் மாண்டி கிறிஸ்டோ நாயகனிடம், தாரந்தோ சிறையின் இருட்டு இருக்கிறது என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்.

1814-ல் நெப்போலியன் வீழ்ந்து மன்னராட்சி திரும்பியபோது, தாய் மகனைக் கூப்பிட்டுக் கேட்டார். தாத்தாவின் பிரபுக் குலப்பெயரைப் போட்டுக்கொண்டால் அரண்மனையில் கதவு திறக்கும். அப்பாவின் பெயரைப் போட்டுக்கொண்டால் எதுவும் கிடைக்காது. எது வேண்டும்? பன்னிரண்டு வயதுப் பையன் டூமா என்ற பெயரையே கேட்டான். ஜெரெமியில் விலைக்கு வாங்கப்பட்ட மரி செசெத்தின் பெயர், இன்று உலகத்தின் நூலகங்கள் எங்கும் புத்தக முதுகுகளில் இருக்கிறது. பாரிஸின் வெற்றி வளைவிலும் அந்தத் தளபதியின் பெயராகச் செதுக்கப்பட்டிருக்கிறது.

1786-ல் டூமாவிடம் இருந்த வீரம்தான் 1793-லும் இருந்தது. 1802-ல் உடல் தளர்ந்திருந்தாலும் செய்த சாதனைகள் அப்படியே இருந்தன. முதலில் சிப்பாய், பிறகு தளபதி, கடைசியில் யாருமற்றவர் என்று அவரை ஆக்கியது ஒவ்வொரு முறையும் அரசு கையெழுத்திட்ட தாள்தான். சமத்துவம் தந்த சட்டம் எட்டே ஆண்டுகளில் திரும்பப் பறிக்கப்பட்டது. பிரான்சுக்குள் அதைத் தடுக்க வலுவான குரல் இல்லை. ஹைதியில் மக்கள் ஒன்றுசேர்ந்து தடுத்தார்கள், அங்கே அது திரும்பவில்லை. திறமையைப் பற்றி யாராவது நமக்குப் பாடம் எடுக்க வந்தால், தளபதி டூமாவின் இந்த மூன்று ஆண்டுகளையும் வரிசையாக எடுத்துச் சொல்வோம்.